கடலோர வீட்டில் சினிமா கிரீடமும் பூத முகமூடியும்: எதைக் காப்பாற்றலாம், எப்படி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். உங்கள் தாய்மாமா எழுபதுகளில் கோடம்பாக்கத்தில் ஒரு காஸ்ட்யூமரிடம் உதவியாளராக இருந்தவர். ராஜா ராணி படம், மாயாஜாலப் படம், பேய்ப் படம் என்று வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒரு கிரீடம், ஜிகினா வேலை செய்த வெல்வெட் அங்கி, உறையோடு ஒரு வாள், ரப்பரில் செய்த பூத முகமூடி, வெள்ளி நிற ரெக்சினில் தைத்த விண்வெளி உடுப்பு. வீடு மண்டபத்தில்; கடலுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு தெருதான். எப்படிப் பாதுகாப்பது, இன்னும் சேர்க்கலாமா, விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "அண்ணே, எல்லாத்தையும் நல்லாத் துடைச்சு ஒரு நாள் வெயில்ல காயவைக்கலாம்னு இருக்கேன்."

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில்: வேண்டாம். பழைய பொருள் ஒன்று கையில் கிடைத்தால் நம் வீடுகளில் புளி, விபூதி, எலுமிச்சை, சோப்புத் தண்ணீர், வெயில் என்றுதான் கை போகும். குத்துவிளக்குக்கு அது சரி. சினிமாப் பொருளைச் செய்கிறவர் நீடித்து உழைக்க வேண்டும் என்று செய்வதில்லை. கேமராவுக்குத் தங்கமாகத் தெரிய வேண்டும், ஷூட்டிங் முடியும்வரை தாங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அப்படிச் செய்தது ஐம்பது வருஷம் கடற்கரையில் கிடந்திருக்கிறது. உப்புக் காற்று அதை மெதுவாகத்தான் தின்னும். சுத்தம் செய்கிற கை ஒரே மத்தியானத்தில் முடித்துவிடும்.

ஆகவே முதல் வேலை கேமராவுக்கு. பெட்டியைத் திறந்ததும் எதையும் தூக்காமல், இருக்கிற நிலையிலேயே நாலைந்து படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெள்ளை விரிப்பில் வைத்து முன், பின், உள், அடி என்று எடுங்கள். உலோகத்தைத் தொடும்போது மட்டும் மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. அங்கியின் கழுத்துப் பட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நடிகர் பெயரின் முதலெழுத்து, சீன் எண், வாடகைக் கம்பெனியின் அடையாளம் ஏதாவது மையால் எழுதியிருக்கும், அல்லது சின்னத் துணித்துண்டில் எழுதித் தைத்திருக்கும். கழுத்தோரம் செங்காவி நிறத்தில் கறை இருந்தால் அது மேக்கப். பான்கேக் என்கிற முகப்பூச்சு வியர்வையில் ஊறிப் படிந்தது. அழுக்கென்று நினைத்து அதைத் துவைத்துவிட்டால், ஒரு ஆள் அதைப் போட்டுக்கொண்டு ஆர்க் விளக்கின் சூட்டில் நின்றதற்கு இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

மாமா நன்றாகப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு பொருளாக அவர் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். எந்தப் படம், எந்த ஸ்டூடியோ, யார் போட்டது, யார் தைத்தது, படம் முடிந்ததும் எப்படி இவர் கைக்கு வந்தது. கடைசிக் கேள்வி கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் கேளுங்கள். முதலாளி கொடுத்ததா, சம்பள பாக்கிக்கு ஈடாக வந்ததா, குப்பைக்குப் போக இருந்ததை இவர் எடுத்து வைத்தாரா? பின்னால் உரிமை பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பதில்தான் நிற்கும்.

தமிழ் சினிமாவில் இப்படிப் பொருள் மிஞ்சுவதே அபூர்வம். நம் முதல் பேசும் படமான காளிதாஸ், 1931ல் வந்தது, அதன் பிரதியே இன்று கிடையாது. படச்சுருளையே வைத்துக்கொள்ளாதவர்கள் கிரீடத்தையா வைத்துக்கொள்வார்கள்? உடுப்பு பெரும்பாலும் வாடகைக்கு வந்து வாடகைக் கடைக்கே திரும்பிப் போகும். ஒரு படத்தில் ராஜாவுக்குத் தைத்த அங்கி அடுத்த படத்தில் மந்திரிக்கு. அதற்கடுத்து ஜிகினாவைப் பிரித்து வேறு துணியில் தைத்துக் கூட்டத்தில் நிற்கும் சேனாதிபதிக்கு. துணி நைந்துவிட்டால் கடைசியில் நாடக செட்டுக்கு. நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுழற்சி தெரிந்திருக்கும்.

இதனால்தான் "இன்னார் இன்ன படத்தில் போட்டது" என்று யாராவது சொன்னதும் தலையாட்டிவிடக் கூடாது. ஒரே வாளுக்குப் பல பிரதிகள் இருக்கும். க்ளோஸப்புக்கு நல்ல உலோகத்தில் ஒன்று, சண்டைக்கு எடை குறைத்து ஒன்று, கூட்டத்துக்கு மரத்திலும் அட்டையிலும் ஒரு கட்டு. பொருளைப் படத்தோடு ஒப்பிடும்போது வடிவத்தைப் பார்த்துப் பயனில்லை, தழும்பைப் பாருங்கள். மூன்றாவது கல் விழுந்த குழி, பிடியில் ஒரு நசுங்கல், ஜிகினாப் பூ ஒன்று வரிசை தப்பித் தைத்திருப்பது. கையால் செய்தவை இரண்டு ஒரே மாதிரி வராது, அது நமக்கு வசதி. படத்தின் நல்ல பிரதி கிடைத்தால் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வீடியோவைவிட ஸ்டில், அதாவது படத்துக்காக எடுத்த போட்டோ, தெளிவாகக் காட்டும். பிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க ஸ்டில் சேர்த்ததன் அருமை இப்படி ஒரு கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் தெரியும்.

சரி, இப்போது உப்புக்கு வருவோம். மண்டபத்தில் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஆடியில் கச்சான் அடித்தாலும் மார்கழியில் வாடை அடித்தாலும் வருவது கடல் காற்றுதான். ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. சமையல் உப்பு தானாக நீர்க்க வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு ஏற வேண்டும். மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவ்வளவு வறண்ட நாள் நம் கரையில் ஏது? ஆகவே பொருள் மேல் படிந்த உப்புத்தூசி என்றைக்கும் முழுதாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும், அதில் இரும்பு துருவேறும், பித்தளை பச்சை பூக்கும், அலுமினியம் புள்ளி புள்ளியாகக் குழி விழும். மதுரையில் சும்மா பீரோவில் கிடந்தே நாற்பது வருஷம் தாங்குகிற பொருள் இங்கே தாங்காது.

ஹாலிவுட்காரர்களுக்கே கடல் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஸ்பீல்பர்க்கின் ஜாஸ் படத்துக்கு மூன்று இயந்திரச் சுறாக்கள் செய்தார்கள். நல்ல தண்ணீரில் சோதித்தபோது ஓடியவை கடலில் இறங்கியதும் மக்கர் செய்தன. படம் முடிந்து அவை மிஞ்சவுமில்லை. அதே அச்சில் ஃபைபர் கிளாஸில் வார்த்த நாலாவது சுறா, ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொங்கவிட்டது, பிறகு பல வருஷம் ஒரு காயலான் கடையில் திறந்த வெளியில் கிடந்தது. இன்று லாஸ் ஏஞ்சலிஸ் அகாடமி அருங்காட்சியகத்தில் தொங்குவது அதுதான். எதனால் செய்தது என்பதுதான் ஒரு பொருளின் ஆயுசைத் தீர்மானிக்கிறது. அதனால் உங்கள் ஐந்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கிரீடத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். வெளியே தங்கமும் கல்லுமாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் காகிதம்தான் தெரியும். செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் கழற்றி, சாக்பொடி பூசித் தேய்த்து, அதன்மேல் வார்னிஷில் தங்கப்பொடி கலந்து அடிப்பார்கள். அந்தக் காகிதத்தில் நாலு எழுத்து படிக்கக் கிடைத்தால் உங்களுக்கு யோகம். ஒரு சினிமா விளம்பரமோ தேதியின் ஒரு துண்டோ இருந்தால், கிரீடம் அதற்கு முன்னால் செய்ததில்லை என்று அடித்துச் சொல்லலாம். சுரண்டாதீர்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். தங்கப்பொடி என்பது பித்தளைத்தூள்தான். புளி பட்டால் நிறமே போய்விடும், தண்ணீர் பட்டால் மைதா ஊறி உப்பும். கல் என்பது கண்ணாடி. பின்னால் ஒட்டிய வெள்ளித்தாளால்தான் அது மின்னுகிறது. ஈரம் புகுந்தால் தாள் கறுத்துக் கல் செத்துவிடும். மேக்கப்புக்கு விற்கிற மிருதுவான பிரஷ் ஒன்று வாங்கி, தூசியை மட்டும் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள், அதற்குமேல் எதுவும் வேண்டாம். கழன்ற கற்களைச் சின்ன ஜிப் கவரில் போட்டு, எந்த இடத்தில் இருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். உடனே ஒட்டும் பசை பக்கமே போகாதீர்கள். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. தலையில் உறுத்தாமல் இருக்க உள்ளே ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் இந்நேரம் அது பிசுபிசுத்தோ பொடிந்தோ போயிருக்கும். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் ஒரு வகை ஈரத்தாலேயே உடைந்துபோகும். அந்தப் பொடியைப் பிரஷால் எடுத்துவிடுங்கள், வெல்வெட்டில் ஒட்டிக்கொண்டு அதையும் கெடுக்கும். ஒரு சிட்டிகை மட்டும் கவரில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வாளுக்கு வேலை கொஞ்சம். பிடி பித்தளையா, தகரத்தில் முலாமா, பிளேடு இரும்பா அலுமினியமா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. உறையில் செருகியே வைத்திருந்தால் மெதுவாக உருவுங்கள், வராவிட்டால் இழுக்காதீர்கள். உறையின் தோலும் மரமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் இனிமேல் வாளும் உறையும் தனித்தனியாக இருக்கட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, வெறும் உலோகப் பகுதியை மட்டும் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் உப்பு இறங்கும். பெயின்ட் அடித்த இடத்தில் இது கூடாது. கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டாம், முலாம் துருவோடு சேர்ந்து வந்துவிடும். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் பூசிவைக்கும் பழக்கம் உண்டு. அது நாள்பட்டால் காறும், அதன் அமிலம் பித்தளையில் பச்சைப் பிசினாக இறங்கும். அருங்காட்சியகங்களில் பூசுகிற மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஆன்லைனில் கிடைக்கிறது. மெல்லிசாக ஒரு கை பூசினால் போதும்.

அங்கிதான் நுட்பமான வேலை. துவைக்கக் கூடாது, டிரைகிளீனிங்குக்கும் கொடுக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். 1939ல் வந்த தி விஸார்ட் ஆஃப் ஆஸ் படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புச் செருப்புகளில் ஒரு ஜோடி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஜிகினாவைச் சோதித்துப் பார்த்தால் நடுவில் இருந்தது ஜெலட்டின், மேலே சிவப்புச் சாயம் கலந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு. தண்ணீர் ஜெலட்டினைக் கரைக்கும், டிரைகிளீனிங் மருந்து பூச்சைப் பதம் பார்க்கலாம், வெளிச்சம் சாயத்தை வெளுக்கும். உங்கள் அங்கி எழுபதுகளில் தைத்தது என்பதால் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஜிகினாவாகத்தான் இருக்கும். ஆனால் பழைய உடுப்பிலிருந்து பிரித்த பூவேலையைப் புது அங்கியில் வைத்துத் தைப்பது கோடம்பாக்கத்தில் சகஜம், ஆகவே எந்தப் பூ எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாது. ஜரிகையும் அப்படித்தான். வெள்ளி ஜரிகை கந்தகம் பட்டுக் கறுக்கும், செம்புக் கம்பி உப்புப் பட்டுப் பச்சையாகும், பிளாஸ்டிக் ஜரிகை அப்படியே இருக்கும். ஒரே பூவுக்குள் மூன்றும் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

அங்கியை ஹாங்கரில் மாட்டாதீர்கள். வெல்வெட்டும் கல்லும் சேர்ந்து எடை தோளில் இறங்கி, நைந்த தையல் முதலில் அங்கேதான் விடும். கிடையாகப் படுக்க வையுங்கள். காடாத்துணி ஐந்தாறு மீட்டர் வாங்கி, கஞ்சி போகும்வரை வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்துக் காயவைத்தால் இதைவிட நல்ல உறை கிடையாது. மடிக்கிற இடத்திலெல்லாம் அந்தத் துணியையே உருளையாகச் சுருட்டி உள்ளே வையுங்கள், கூர்மையான மடிப்பு விழாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். ஊக்கு, குண்டூசி எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், துருக்கறை வெல்வெட்டில் இறங்கினால் போகாது. தைத்திருக்கும் கொக்கியைப் பிரிக்க வேண்டாம், அதன் அடியில் ஒரு துண்டு காடாத்துணி கொடுத்தால் போதும்.

பூத முகமூடியைப் பற்றி நல்ல செய்தி சொல்ல முடியாது. லேடெக்ஸ் ரப்பர் மரத்துப் பாலில் செய்தது. காற்று பட்டு, வெளிச்சம் பட்டு, சூடு பட்டு முதலில் பிசுபிசுக்கும், பிறகு இறுகும், கடைசியில் அப்பளமாக நொறுங்கும். 1933ல் வந்த கிங் காங் பொம்மைகளில் ரப்பரும் முயல் ரோமமும் போய், உள்ளே இருந்த உலோக எலும்புக்கூடுதான் நமக்கு மிஞ்சியது. உலகத்திலேயே பேர்பெற்ற குரங்குக்கே அந்த நிலைமை. உங்களால் செய்ய முடிவது போகிற வேகத்தைக் குறைப்பது. முகமூடியில் பித்தளைக் காதணியோ செம்புக் கம்பியோ இருந்தால் முதலில் படம் எடுத்துவிட்டு அதைக் கழற்றி வையுங்கள். செம்பு ரப்பருக்கு விஷம். தொட்ட இடத்தில் வளையமாக இளகிப் பச்சையாகியிருக்கும், பாருங்கள். உள்ளே பாலியஸ்டர் பஞ்சை இறுக்காமல் அடைத்து முகம் சப்பாமல் நிறுத்துங்கள். எண்ணெய், வாசலின், சிலிகான் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். உணவுப் பொட்டலங்களில் ஆக்ஸிஜனை உறிஞ்சப் போடுகிற சின்னப் பைகள் தனியாகவும் விற்கிறார்கள். அலுமினியப் பூச்சுள்ள கனமான கவரில் முகமூடியோடு அவற்றைப் போட்டு சூடாக்கி ஒட்டிவிட்டால் வருஷக்கணக்கில் ஆயுசு கூடும். அதற்கு முன்னால் போனிலேயே சுற்றிச் சுற்றி நூறு படம் எடுத்து முப்பரிமாண உருவம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இலவச செயலிகள் இருக்கின்றன. அச்செடுக்கிறேன் என்று சிலிகானை மேலே ஊற்றாதீர்கள், நைந்த ரப்பர் அச்சோடு உரிந்து வந்துவிடும். பின்னால் பிரதி செய்தால் அதன் உள்பக்கம் "பிரதி" என்று அழியாமல் எழுதிவிடுங்கள்.

விண்வெளி உடுப்பு ரெக்சின் என்கிறீர்கள், அதாவது பிவிசி பூசிய துணி. அதை வளைய வைப்பதற்குக் கலந்த எண்ணெய்ப்பதம் மழைநாளில் வெல்லம் கசிகிற மாதிரி வெளியே வரும். ஒட்டுகிறதே என்று பவுடர் போட்டோ ஸ்பிரிட்டால் துடைத்தோ பார்க்காதீர்கள், ஸ்பிரிட் அந்தப் பதத்தையே உருவிவிடும், உடுப்பு விறைக்கும். செய்தித்தாளில் சுற்றினால் தாளின் எழுத்து கண்ணாடிப் பிம்பமாக வெள்ளியில் ஏறிக்கொள்ளும். பேக்கரிகளில் கேக் தட்டில் விரிக்கிற சிலிகான் தாளை நடுவில் கொடுத்து, மடிக்காமல் படுக்க வைத்து, மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிவிசி மெதுவாக அமில ஆவி விடும், பக்கத்தில் இருக்கிற ஜரிகைக்கு அது ஆகாது.

இனி பெட்டி. மாமாவின் டிரங்குப் பெட்டியும் கதையின் ஒரு பகுதிதான், அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் உள்ளே பொருள் வேண்டாம், துரு இறங்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று போட்டிருப்பது நல்லது, 3 என்றால் பிவிசி, விட்டுவிடுங்கள். உலோகத்துக்குத் தனிப் பெட்டி, துணிக்கும் காகிதத்துக்கும் தனிப் பெட்டி. வாளுக்கு எவ்வளவு வறட்சியோ அவ்வளவு நல்லது, 40 சதவீதத்துக்குக் கீழே போனாலும் சரி. கிரீடத்தை அவ்வளவு உலர்த்தினால் சாக்பொடிப் பூச்சு வெடிக்கும். 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரப்பத மீட்டரை ஒவ்வொரு பெட்டியிலும் போட்டால் ஊகத்துக்கு இடமில்லை. ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல். அருங்காட்சியகக் கணக்குப்படி ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ, அதாவது 50 லிட்டர் பெட்டிக்கு ஒரு கிலோ. ஷூ பெட்டியில் வருகிற பொட்டலம் நாலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள், நிறம் மாறினால் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும். அரிசியும் கல்லுப்பும் போட்டு வைக்கிற யோசனை சிலர் சொல்வார்கள். அரிசிக்குப் பூச்சி வரும், உப்பைப் பற்றி மேலேயே சொல்லியாயிற்று. பெட்டிகளைக் கடல் பார்த்த சுவரில் சாய்க்காமல், தரையிலிருந்து நல்ல உயரத்தில், வீட்டின் நடு அறையில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் ஒவ்வொரு பெட்டியும் இருக்க வேண்டும். தனுஷ்கோடியை 1964ல் கடல் கொண்டுபோன கரை இது.

ஏசி போடலாமா என்று கேட்பீர்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் நல்லது. பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவதும், கரண்ட் போய்ப் போய் வருவதும், ஏசியே இல்லாததைவிட மோசம். ஈரம் ஏறி இறங்க ஏறி இறங்கத்தான் பூச்சு உரிகிறது.

பூச்சிக்கு வருவோம். கரையான், கரப்பான், ராமபாணப் பூச்சி மூன்றுக்கும் மைதாப் பசை விருந்து. அந்துருண்டையைப் போடாதீர்கள், தெர்மாகோலையும் சில பிளாஸ்டிக்குகளையும் அதன் ஆவியே இளக வைக்கும், நமக்கும் நல்லதில்லை. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிக்கட்டுகளுக்கு வசம்பு, கிராம்பு முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உண்டு. அந்த முடிச்சைப் பெட்டியின் மூலையில் வைக்கலாம், துணிமேல் படாமல். வேப்பிலை பச்சையாக வேண்டாம், கறை. அங்கியில் ஏற்கனவே பூச்சி இருந்தால் பாலிதீன் கவரில் காற்றை அமுக்கி எடுத்து ஒட்டி, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்காமல் விடவேண்டும். நம் கரையில் ஃப்ரீசருக்குப் பஞ்சமில்லை, ஆனால் இறால் வைக்கிறதில் வேண்டாம், ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேளுங்கள். இந்த வைத்தியம் துணிக்கு மட்டும். கிரீடத்தையும் முகமூடியையும் குளிரில் வைத்தால் விரிசல் விடும்.

இன்னும் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் கிடைப்பதையெல்லாம் வாங்கினால் வீடு காயலான் கடையாகிவிடும். மாயாஜாலப் படங்களின் ஆயுதங்கள் மட்டும், அல்லது பேய்ப் படங்களின் முகமூடி மட்டும் என்று ஒன்றைப் பிடியுங்கள். கடற்கரையில் இருக்கிறவர் என்ற முறையில் என் யோசனை: ரப்பரையும் ஸ்பாஞ்சையும் தேடிப் போகாதீர்கள், துணி, மரம், ஃபைபர், ஓவியம், காஸ்ட்யூம் ஸ்கெட்ச், கண்டினியூட்டி போட்டோ (காட்சிக்குக் காட்சி உடுப்பு மாறாமல் இருக்க எடுத்து வைப்பது) இவற்றில் பணத்தைப் போடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கத்து வாடகைக் கடைகளில் உடைந்தது, கழித்தது என்று ஒதுக்கி வைத்ததைக் கேளுங்கள். மதுரை, புதுக்கோட்டை நாடக செட்காரர்களிடம் கேளுங்கள். ஓய்வுபெற்ற தொழிலாளியிடம் வாங்கும்போது நியாயமான விலை கொடுத்து, அவர் கையெழுத்தில் ஒரு தாள் வாங்கிவிடுங்கள். கண்ணைப் பழக்க, ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குப் போய் அங்குள்ள அசல் ஆயுதங்களைப் பாருங்கள். அசலின் எடையும் விளிம்பும் மனதில் பதிந்தால் சினிமா வாள் எங்கே ஏமாற்றுகிறது என்று தெரியும். சென்னை போனால் வடபழனியில் 2023ல் திறந்த ஏவிஎம் அருங்காட்சியகம், தி.நகரில் எம்.ஜி.ஆர் நினைவு இல்லம் இரண்டையும் பாருங்கள். அடிமைப் பெண் படத்தில் நடித்த சிங்கத்தைப் பாடம் செய்து எம்.ஜி.ஆர் இல்லத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

சிங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய படப் பொருளில் புலித்தோல், தந்தம், ஆமை ஓடு அசலாக இருக்க வாய்ப்புண்டு. 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய சான்று இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம், வாங்குவதைச் சொல்லவே வேண்டாம். கடல்கன்னிக் கதைகளுக்குச் செய்த நகைகளில் பவளப்பாறைத் துண்டு வைத்திருப்பார்கள். அதுவும் அதே சட்டத்தில் வரும், மன்னார் வளைகுடா ஓரத்தில் இருந்துகொண்டு அதில் விளையாடக் கூடாது. தானாக உதிர்ந்த மயிலிறகுக்குத் தடை இல்லை. வாள் மொக்கையாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கூர்மையான நீள வாளும் சுடக்கூடிய துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்துக்குள் போய்விடும்.

விலை. 2024 டிசம்பரில் அந்தச் சிவப்புச் செருப்பின் இன்னொரு ஜோடி ஏலத்தில் கட்டணத்தோடு சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போனது. 2005ல் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய் 2018ல் எஃப்பிஐ மீட்ட ஜோடி அது. அந்தச் செய்தியை மாமாவிடம் காட்டி ஆசை மூட்டாதீர்கள். அங்கே ஏல நிறுவனங்கள் இருக்கின்றன, பரிசோதகர்கள் இருக்கிறார்கள், கை மாறிய ஒவ்வொரு முறைக்கும் தாள் இருக்கிறது. நம்மிடம் விலை என்பது ஒரு ரசிகரின் அன்றைய மனநிலை. பச்சை பூத்த பித்தளைக்கோ ஜரிகைக்கோ வீட்டு வைத்தியம் போதாமல் போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகத்தில் ஆலோசனை கேளுங்கள். 1930லிருந்து நடக்கிறது, செப்புத் திருமேனிகளுக்கு வரும் பச்சை நோயைப் பார்த்துப் பழகிய இடம்.

விற்பதாக முடிவெடுத்தால் ஐந்தையும் மாமாவின் குரல் பதிவோடு ஒரே தொகுப்பாகப் பேசுங்கள். வருகிறவர் கிரீடத்தையும் அங்கியையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒட்டுகிறது, நாறுகிறது என்று ரெக்சின் உடுப்பை ஓரமாகத் தள்ளுவார். அதற்குத் தனி விலை கேளுங்கள். ராஜா அங்கிகள் கோடம்பாக்கத்தில் மூட்டை மூட்டையாகத் தைத்தார்கள், அதில் சில எங்காவது கிடைக்கும். வேற்றுக் கிரகம் போகிற கதையோடு கலை அரசி 1963லேயே வந்துவிட்டாலும் அந்த வகைப் படம் நம்மிடம் அத்தி பூத்தாற்போலத்தான் வந்தது, உடுப்பும் அவ்வளவுதான் தைத்திருப்பார்கள்.